ஓடும் வண்டிகளுக்கு மட்டும்

அவனுக்கு எமன் என்று பெயர் வைத்தது பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் இரும்பு வெட்டுகிறவர்கள். வைத்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் அவனோடு ஒட்டிக்கொண்டது. ஆள் பார்க்க அப்படியொன்றும் பயங்கரமில்லை. ஒல்லி உடம்பு, சோடாபுட்டிக் கண்ணாடி, எருமைக்குப் பதில் ஒரு பழைய சைக்கிள். ஆனால் செய்கிற வேலைக்கு அந்தப் பெயர் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளைக் கொல்வதுதான் அவனுடைய வேலை.

திட்டம் அரசாங்கத்தினுடையது, யார்டு குத்தகைக்காரருடையது. பழைய டீசல் வண்டியைக் கொண்டுவந்து ஒப்படைத்தால், புது மின்சார வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். சும்மா ஒப்படைத்தால் போதாது. இதற்கு முந்தைய திட்டத்தில் ஒப்படைத்த வண்டிகளெல்லாம் பின்வாசல் வழியாக விற்கப்பட்டு, வேறு ஊர்களில் ஜாம்ஜாமென்று புகை விட்டுக்கொண்டு திரிந்தனவாம். சூடு கண்ட அதிகாரிகள் இந்த முறை உஷாராகிவிட்டார்கள். உரிமையாளர் கண் முன்னால், கேமராவின் முன்னால், என்ஜின் செத்தாக வேண்டும்.

கொல்லும் முறை எளிது. என்ஜின் ஆயிலை அடியில் வடித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு லிட்டர் ‘கண்ணாடித் தண்ணி’ ஊற்ற வேண்டும். பார்த்தால் சர்க்கரைப் பாகு மாதிரி சாதுவாகத்தான் இருக்கும். வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடித்தால் போதும், சூட்டில் அது உள்ளே காய்ந்து கண்ணாடியாக இறுகிவிடும். நாலு நிமிஷம், கெட்டியான என்ஜின் என்றால் ஆறு நிமிஷம். முதலில் ஒரு இருமல் வரும், அப்புறம் பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம், அதற்கப்புறம் ஒன்றுமே வராது. எந்தக் கொம்பன் மெக்கானிக் வந்தாலும் பிறகு அதை எழுப்ப முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏற்கெனவே செத்த வண்டிக்குச் சலுகை கிடையாது. ‘ஓடும் வண்டிகளுக்கு மட்டும்’ என்று யார்டு வாசலிலேயே ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். கட்டி இழுத்து வந்ததையும் தள்ளிக்கொண்டு வந்ததையும் காவலாளி அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார். புகையே விடாத வண்டியை ஒழிக்கப் பொதுப்பணம் எதற்கு என்பது அரசாங்கத்தின் நியாயம். நியாயம் சரிதான். இந்தக் கதையில் நடந்த கெடுதல் அத்தனைக்கும் பின்னால் ஒரு சரியான நியாயம் இருக்கிறது.

விதிப்படி முதலில் நம்பர் வர வேண்டும். வண்டியின் விவரங்களை இணையதளத்தில் ஏற்றினால் அங்கிருந்து ஒப்புதல் நம்பர் வரும். அதைச் சிலேட்டில் எழுதி உரிமையாளர் கையில் கொடுத்து, அவரை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, வீடியோவை ஓடவிட்டு, அதன் பிறகுதான் ஊற்ற வேண்டும். ஆனால் காலை ஒன்பது மணிக்கு மேல் அந்தத் தளம் சுருண்டு படுத்துக்கொள்ளும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். யார்டுக்கோ ஒரு நாளைக்குப் பதினெட்டு வண்டி முடித்தாக வேண்டிய கட்டாயம். அதனால் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். முதலில் ஊற்றிவிடுவது, நம்பர் வந்ததும் சிலேட்டில் எழுதிக்கொள்வது. வீடியோவைக் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தால் சிலேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டரை வருஷத்தில் நம்பர் தாமதமாக வந்திருக்கிறதே தவிர, ஒரு தடவைகூட வராமல் போனதில்லை. “ஊத்துய்யா, நம்பர் பின்னால வரும்” என்பதுதான் மேற்பார்வையாளர் வாயில் தினமும் வருகிற முதல் வாக்கியம்.

எமனுக்கு ஒரே ஒரு அக்கா. அத்தான் இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு போனபோது விட்டுச்சென்றவற்றில் உருப்படியானவை இரண்டுதான்: ஒரு மகள், ஒரு டீசல் வேன். அக்கா அழுதுகொண்டே வேன் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பேக்கரியில் விடிவதற்கு முன்பே ரொட்டி ஏற்றி நாற்பத்திரண்டு கடைகளுக்குப் போடுவாள். பதினோரு வருஷமாக அதில்தான் வீடு நடந்தது, மகள் நர்ஸிங் படிப்பில் இரண்டாம் வருஷம் வரை வந்தாள். வேனுக்கு அக்கா வைத்த பெயர் சனியன். “கிளம்புடி சனியனே” என்று காலையில் ஒரு வசவு வாங்கினால்தான் அது ஸ்டார்ட் ஆகும். வாங்கிக்கொண்டபின் ஒரு நாளும் வழியில் நின்றதில்லை.

அப்போதுதான் நகரத்தின் உள்வட்டத்துக்குள் டீசல் வண்டிகள் நுழையக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. கூடவே மின்சார வண்டிக்குச் சாலை வரி கிடையாது, நிறுத்துகிற கட்டணம் கிடையாது, மாட்டிக்கொள்ளப் பச்சை நம்பர் பலகை. முன்னால் சலுகையை நீட்டிவிட்டுப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளுகிற ஏற்பாடு. மக்கள் தாங்களாகவே முன்வந்து மாறுகிறார்கள் என்று டிவியில் பெருமையாகச் சொன்னார்கள். அக்காவின் நாற்பத்திரண்டு கடைகளில் முப்பத்தொன்று உள்வட்டத்துக்குள் இருந்தன.

“எனக்கு இந்தச் சனியனே போதும்டா,” என்றாள் அக்கா. “புதுசு வாங்கி, அது பாதி வழியில சார்ஜ் இல்லன்னு படுத்துக்கிச்சுன்னா, ரொட்டியத் தலையில தூக்கிட்டா ஓடுவேன்?”

“இன்னும் ரெண்டு மாசத்துல உள்ளயே விடமாட்டான்க்கா. அப்ப என்ன பண்ணுவ?”

“அப்ப பாத்துக்கலாம்.”

“அப்ப சலுகை இருக்காது. இப்பவே கூட்டம் அள்ளுது. நான் அங்க இருக்கும்போதே முடிச்சிடலாம். யார் யார்கிட்டயோ போய் நிக்கிறதுக்கு, என்கிட்ட வந்து நில்லு.”

ஒரு மாதம் இப்படியே நச்சரித்தான். அவனுக்கு இந்தத் திட்டத்தின் மேல் உண்மையிலேயே நம்பிக்கை இருந்தது. அவனுடைய ஆறு வயது மகளுக்கு இழுப்பு. குடியிருப்பது பெரிய சாலையை ஒட்டிய வீடு, ஜன்னலைத் திறந்தால் புகை. குழந்தை இன்ஹேலரை உறிஞ்சும்போதெல்லாம் அன்றைக்குக் கொன்ற வண்டிகளை மனதுக்குள் எண்ணிப் பார்ப்பான், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஊரிலிருக்கும் டீசல் வண்டிகளையெல்லாம் கொன்று தீர்த்துவிட்டால் மகள் இழுக்காமல் தூங்குவாள் என்பது அவன் போட்ட கணக்கு. அந்தக் கணக்கில் அக்காவின் வேனும் ஒன்று.

கடைசியில் அக்கா சரி என்றாள். சேர்த்து வைத்திருந்ததைக் கொண்டுபோய் மின்சார வேனுக்கு முன்பணமாகக் கட்டினாள். சலுகைச் சான்றிதழைக் கொண்டுவந்தால் மீதிக்குக் கடன் தருவதாக வங்கி சொன்னது.

அன்றைக்கு அக்கா காலைச் சுற்றை முடித்துவிட்டு எட்டு மணிக்கு யார்டு வாசலில் வந்து நின்றாள். வேனின் பின்பக்கம் அப்போதும் ரொட்டி வாசனை. எமன் மேற்பார்வையாளரிடம் முன்தினமே யார்டுச் சாவி வாங்கி வைத்திருந்தான். அக்காவின் வேலையை முதல் வேலையாக முடித்துவிட்டால், அவள் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியை இரவல் வாங்கி மத்தியானச் சரக்கை ஏற்றிக்கொள்ளலாம். யாரையும் காக்க வைக்காத தம்பி என்று பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை. வாசலில் நின்றபடியே கைப்பேசியில் தளத்தைத் திறந்து பார்த்தான். ‘இந்த ஆண்டு மீதமுள்ள இடங்கள்: 212’ என்று இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டில் அக்காவுக்கு ஒன்று இல்லாமலா போய்விடும்?

அக்கா வேனைக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள். சாகப்போகிற வண்டிக்குக் குளியல் எதற்கு என்று அவன் சிரித்தான். “நாலு பேர் பாக்குற வீடியோடா, அழுக்கா நிக்க வேணாம்னுதான்,” என்றாள். அவளும் நல்ல சேலை கட்டியிருந்தாள்.

வண்டிக்கு அடியில் படுத்து ஆயிலை வடித்தான். இத்தனை வருஷ வண்டிக்கு ஆயில் அவ்வளவு சுத்தமாக இருந்தது. நேரத்துக்கு மாற்றியிருக்கிறாள். மூடியை முடுக்கிவிட்டு எழுந்து, புனலை வைத்து, கேனைத் தூக்கினான்.

“நம்பர் வந்துடுச்சாடா?” என்று கேட்டாள் அக்கா. கையிலிருந்த சிலேட்டு வெறுமையாக இருந்ததைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“அதெல்லாம் வந்துடும்க்கா. கம்ப்யூட்டர் பாக்குற பொண்ணு ஒம்பது மணிக்குத்தான் வரும். நம்ம யார்டுதானே, என்ன பயம்?”

“இல்ல, சும்மாதான் கேட்டேன்.”

“நீ சிரிச்சாப்ல நில்லு. அது போதும்.”

சிரித்தாற்போல நிற்பதும் வேலையில் ஒரு பகுதிதான். வாரத்துக்கு ஒரு மகிழ்ச்சியான உரிமையாளரின் படத்தைத் துறைக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. அதற்கென்றே ‘நான் மாறிவிட்டேன்’ என்று எழுதிய பச்சை அட்டை ஒன்று யார்டில் உண்டு. எமன் சிலேட்டை வாங்கிக்கொண்டு அந்த அட்டையைக் கொடுத்தான். அக்காவுக்குக் கேமராவைப் பார்த்தால் வெட்கம். வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு கையை எடுத்துவிட்டு, பல் தெரியச் சிரித்தாள். பல வருஷமாக அவன் பார்க்காத சிரிப்பு. அவன் படத்தை எடுத்து, அப்போதே துறையின் குழுவுக்கு அனுப்பியும் விட்டான்.

பிறகு சிலேட்டைத் திருப்பிக் கொடுத்து, கைப்பேசியைத் தள்ளி நிறுத்தி வீடியோவை ஓடவிட்டு, ஊற்றினான். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். ஒரு வசவுகூட இல்லாமல், முதல் திருகிலேயே சனியன் ஸ்டார்ட் ஆனது. ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடித்தான். நாலு நிமிஷம் ஆயிற்று, ஆறு நிமிஷம் ஆயிற்று. எட்டாவது நிமிஷம்தான் இருமியது. நின்றபோது வேன் முழுக்க ஒரு உலுக்கு உலுக்கியது. பின்னால் ரொட்டித் தட்டுகள் கலகலத்து அடங்கின. அக்கா சிரித்தாற்போலத்தான் நின்றாள், கண்ணில் மட்டும் தண்ணீர் வந்துவிட்டது.

“போச்சு சனியன்,” என்று சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குக் கணினிப் பெண் வந்தாள். அவன் “தங்கச்சி, முதல்ல நம்ம அக்காவோடத ஏத்தும்மா” என்று சொல்லி, தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றான். விவரங்களை ஏற்றினாள். வட்டம் சுற்றியது. இதற்கிடையில் இரண்டாவது வண்டியாக ஒரு மரச்சாமான் கடைக்காரரின் லாரி வந்தது. எமன் அதன் ஆயிலைப் பாதி வடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள்.

“அண்ணே, இங்க கொஞ்சம் வாங்களேன்.”

வட்டம் நின்றிருந்தது. திரையில் பச்சை எழுத்தில் இரண்டு வரி: ‘இந்த நிதியாண்டுக்கான ஒதுக்கீடு நிறைவடைந்தது. சுற்றுச்சூழல் மீதான தங்கள் அக்கறைக்கு நன்றி.’

திட்டம் முடியப்போகிறது என்று காலைச் செய்தியில் சொன்னார்களாம். எங்கெங்கோ இருக்கிற யார்டுகளும் விற்பனையாளர்களும் ஒரே நேரத்தில் பாய்ந்து, இருநூற்றுப் பன்னிரண்டு இடமும் நாற்பது நிமிஷத்தில் காலி. எமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தான். அந்தப் பெண் பாவம், நாலு தரம் திரும்ப ஏற்றிப் பார்த்தாள். நாலு தரமும் அக்கறைக்கு நன்றி சொன்னது.

மரச்சாமான் கடைக்காரர் விஷயம் தெரிந்ததும் நாலு திட்டு திட்டினார். வடித்த ஆயிலைத் திரும்ப ஊற்றச் சொல்லி, முடுக்கச் சொல்லி, லாரியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அந்த லாரி வாசலைத் தாண்டுகிற சத்தத்தை அக்கா நின்று கேட்டாள். அவளுடைய வேன் அப்போதும் சூடு ஆறாமல் நின்றுகொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் வந்து தலையில் அடித்துக்கொண்டார். “நான் வர்றதுக்கு முன்னால யாருய்யா உன்ன ஊத்தச் சொன்னது? நம்பர் இல்லாம ஊத்தக் கூடாதுன்னு விதி இருக்கா இல்லையா?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். இரண்டரை வருஷமாக அவர் வாயில் வந்த முதல் வாக்கியம் ஒரே காலையில் மாயமாகிவிட்டது. எதிர்த்துப் பேசி என்ன ஆகப்போகிறது, புனல் இருந்தது எமன் கையில்தானே.

மறுநாள் இருவரும் துறை அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மாள், நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், முழுவதையும் கேட்டார். ஊற்றியவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதை மட்டும் இருவரும் சொல்லவில்லை.

“விதி நாலுல தெளிவா இருக்கும்மா. நம்பர் வந்த பிறகுதான் அழிக்கணும். நம்பர் இல்லாம அழிச்ச வண்டிக்கு நான் எதுவும் தர முடியாது. அழிச்சது யாருன்னு எழுதிக் குடுங்க, நடவடிக்கை எடுக்கறேன்.”

“எடுத்தா எனக்கு வண்டி கிடைக்குமாம்மா?”

“வண்டி கிடைக்காது. அந்த ஆளுக்கு வேலை போகும், அபராதமும் வரும். இனிமே இன்னொருத்தருக்கு இப்படி நடக்காது.”

அந்த அம்மாள் சொன்னதும் நியாயம்தான். வெள்ளைத் தாளையும் பேனாவையும் அக்கா பக்கம் நகர்த்தினார். அக்கா பேனாவைத் திறந்தாள். பக்கத்து நாற்காலியில் எமன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சற்று நேரம் கழித்துப் பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது.

வெளியே வந்து படியிறங்கும்போது, “எழுதியிருக்கலாம்க்கா,” என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

“எழுதினா என்ன வந்துடும்? என் வயித்துல மண்ணு விழுந்தது போதும். உன் வீட்டுலயும் எதுக்கு? அந்தப் பிள்ளைக்கு மருந்து யார் வாங்குவா?”

இரண்டாவது முறை அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை அவள் எழுதியிருப்பாள், அந்தப் பயத்திலேயே சொல்லவில்லை. நெஞ்சின் ஒரு ஓரத்தில் அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை அக்கா அவன் முகத்தில் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சான்றிதழ் இல்லை என்றதும் வங்கி கையை விரித்தது. முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு விற்பனையாளர் மீதியைத் திருப்பிக் கொடுத்தார். டீசல் தடை சொன்ன தேதியில் டாணென்று வந்தது. “நீ நல்லவதாம்மா, ஆனா ரொட்டி யாருக்காகவும் காத்திருக்காதே,” என்று பேக்கரி முதலாளி உள்வட்டத்துக் கடைகளைப் பச்சைப் பலகை வைத்திருந்த வேறொருவருக்குக் கொடுத்தார். அக்காவுக்கு மிஞ்சியவை வெளியே இருந்த பதினோரு கடைகள். ஒரு சைக்கிளுக்குப் பின்னால் சின்ன தள்ளுவண்டியைக் கட்டிக்கொண்டு, ஐம்பது வயதை நெருங்குகிற உடம்பால் மிதித்துப் போட்டாள். மகள் நர்ஸிங்கை நிறுத்திவிட்டு ஒரு பல்பொருள் கடையில் பில் போடப் போனாள். எமன் மாதம் பிறந்ததும் சம்பளத்தில் ஒரு பகுதியை அக்கா மகள் கையில் கொடுத்து அனுப்புவான். அக்கா வாங்கிக்கொள்வாள், எதுவும் சொல்லி அனுப்ப மாட்டாள்.

வேனின் நிலைமை இன்னும் விசேஷம். நம்பர் வராததால் அது அழிக்கப்பட்டதாக எந்தப் பதிவிலும் இல்லை. அரசாங்கத்தைப் பொறுத்தவரை சனியன் திடகாத்திரமாக ஓடிக்கொண்டிருந்தது. சாலை வரி கட்டச் சொல்லி அக்காவுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. புகைப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லி இன்னொன்று வந்தது. அதில், தவறினால் சுற்றுச்சூழலுக்குக் கேடு விளைவித்த குற்றத்துக்கு ஆளாக நேரிடும் என்று தடித்த எழுத்தில் எச்சரித்திருந்தார்கள்.

இதெல்லாம் போதாதென்று அந்தப் படம் வெளியே வந்தது. துறைக்கு வந்த படங்களிலேயே உண்மையான சிரிப்பு இதுதான் என்று தேர்ந்தெடுத்தார்களாம். பேருந்துகளின் முதுகில், மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில், உள்வட்டத்து நுழைவாயிலில் மாடி உயரத்துக்கு, எங்கே திரும்பினாலும் அக்கா. கையில் ‘நான் மாறிவிட்டேன்’ என்ற அட்டை. கீழே பெரிதாக, ‘நீங்கள்?’ அக்கா தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு சிக்னலில் மூச்சு வாங்கி நிற்கும்போது, முன்னால் நிற்கிற பேருந்திலிருந்து அவளே அவளைப் பார்த்துச் சிரித்தாள். கடைக்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள், விஷயம் தெரிந்ததும் கேலியை நிறுத்திவிட்டுப் பரிதாபப்பட்டார்கள். கேலியே தேவலை என்று அவள் மகளிடம் சொன்னாளாம். படத்தை அகற்றச் சொல்லலாம் என்றால், அதற்கும் நடந்ததை எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

புது நிதியாண்டு பிறந்தது. ஒதுக்கீட்டை இரண்டு மடங்காக்கித் திட்டத்தை மறுபடியும் திறக்கப்போவதாக அறிவித்தார்கள். அந்த நாளுக்காக எமன் மூன்று மாதம் காத்திருந்தான். அக்கா வண்டியையும் சேர்த்துவிடலாம் என்று மேற்பார்வையாளரிடம் கெஞ்சிப் பார்த்தான்.

“எப்படிய்யா சேக்கறது? ஓடுற வண்டின்னு வீடியோ காட்டணுமே. உன் கையாலதானே அடைச்ச? நீயே ஓட்டிக் காட்டேன், சேத்துடறேன்,” என்றார் அவர். “முதல்ல அத எடுத்துட்டுப் போகச் சொல்லு. மூணு மாசமா இடத்த அடைச்சிட்டு நிக்குது. எடைக்குப் போடறதுன்னா நானே எடுத்துக்கறேன், வந்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு.”

எமன் தானும் முயன்று பார்த்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என்ஜினைக் கழற்றி, உளியால் செதுக்கி, அமிலத்தில் ஊறவைத்து என்னென்னவோ செய்தான். சிலிண்டருக்குள் கண்ணாடி பளபளவென்று கிடந்தது. அவனுடைய வேலை அவ்வளவு சுத்தம்.

திறந்த முதல் நாளே வாசலிலிருந்து தெருமுனை வரை வண்டிகள் நின்றன. முதலில் நின்றவர் தண்ணீர் கேன் போடுகிறவர். பெரிய மீசை, பெரிய குரல், பழைய வேன். வரிசையில் நின்றபடியே எல்லோரிடமும் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். “நான் மாட்டவே மாட்டேன்னுதான் சார் இருந்தேன். என் வீட்டுக்காரிதான் தினம் அந்தப் படத்தக் காட்டி, அந்தம்மாவப் பாருங்க, என்னமா சிரிக்குதுன்னு ஒரே நச்சு,” என்றார்.

எமன் அவர் வண்டியின் ஆயிலை வடித்துவிட்டு நிமிர்ந்தபோது, அக்கா யார்டுக்குள் வந்துகொண்டிருந்தாள். அவள் மகளிடம் அவன் சொல்லியனுப்பியபடி கையெழுத்துப் போட வந்திருக்கிறாள். போட்டுவிட்டுத் தன் வேனின் பின்கதவைத் திறந்து ரொட்டித் தட்டுகளை ஒவ்வொன்றாக உருவி வெளியே அடுக்கினாள். இரும்பை விற்றாலும் தட்டுகளை விற்க மனம் வரவில்லை போலிருக்கிறது. முகம் கறுத்திருந்தது, கழுத்தெலும்பு தெரிந்தது. அவன் ஒத்தாசைக்குப் போகக் காலெடுத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அங்கேயே நின்றுவிட்டான்.

தண்ணீர் கேன்காரர் கண்டுகொண்டார்.

“அம்மா! நீங்கதானே அது? போஸ்டர்ல இருக்கறது நீங்கதானே?”

வரிசையே திரும்பிப் பார்த்தது. ஒருவர் கைப்பேசியை எடுத்தார். மேற்பார்வையாளர் அலுவலகக் கதவருகே வந்து நின்றுகொண்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வார்த்தை தவறாக விழுந்தால் உரிமம், யார்டு, அதோடு எமனின் வேலை, எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். எமனுக்கு அது தெரிந்தது. அவன், சொல்லிவிடேன் அக்கா என்று ஒரு மனதும், சொல்லிவிடாதே என்று ஒரு மனதுமாக நின்றான்.

“புது வண்டி எப்படிம்மா ஓடுது? மனசு விட்டுச் சொல்லுங்க. நீங்க சொல்றத வச்சுதான் நான் ஊத்தச் சொல்லப் போறேன்.”

அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தாள். பேருந்து முதுகில் இருக்கிற அதே சிரிப்பு.

“நல்லா ஓடுதுங்க,” என்றாள். “ஒரு குறையும் இல்ல.”

“பாத்தீங்களா, சொன்னேன்ல!” என்று அவர் வரிசையைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“ஒண்ணு மட்டுங்க. நம்பர் கைக்கு வந்த பிறகு ஊத்தச் சொல்லுங்க.”

“அட, அத எதுக்குங்க நான் பாத்துக்கிட்டு? அதுக்குத்தான் இவர் இருக்காரே,” என்று அவர் எமனின் தோளில் தட்டினார். “முகத்தப் பாத்தாலே தெரியுது, நம்ம வீட்டு ஆளு மாதிரி இருக்காரு.”

அக்கா எமனைப் பார்த்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு நேருக்கு நேராகப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான், அழுதிருந்தால் காலில் விழுந்திருப்பான். அவள் தட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கயிற்றால் கட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். கயிறு தளர்ந்து தட்டுகள் கலகலவென்று ஆடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது.

எமன் நம்பருக்காக நின்றான். வட்டம் சுற்றியது. வரிசையில் ஹாரன் அடித்தார்கள். “ஊத்துய்யா, நம்பர் பின்னால வரும்,” என்று மேற்பார்வையாளர் இரண்டு தரம் கத்தினார். அவன் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கணினிப் பெண்ணின் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். முக்கால் மணி நேரம் கழித்து நம்பர் வந்தது. ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துச் சிலேட்டில் எழுதிக் கொடுத்தான். இத்தனை நிதானம் அன்றைக்கு இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டான்.

தண்ணீர் கேன்காரர் ஒரு கையில் சிலேட்டும் மறு கையில் பச்சை அட்டையுமாக வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். வண்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

“ரெடியாய்யா? சிரிக்கச் சொல்லு, படம் போகணும்,” என்றார் மேற்பார்வையாளர்.

எமன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான். செருமிக்கொண்டான்.

“சிரிச்சாப்ல நில்லுங்க,” என்றான்.

அவர் சிரித்தார். அவன் ஊற்றினான்.